கல்லில் வெட்டிய முகவரி

என் ஸ்டுடியோவுக்கும் ஜோதிலட்சுமி அக்காவின் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அல்லிநகரத்தில் ஒரு கடையை இரண்டாக அறுத்து இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்ட புண்ணியவான் எங்கள் கட்டடக்காரர். அந்தப் பக்கம் அக்கா தும்மினால் இந்தப் பக்கம் நான் "ஆயுசு நூறு" என்பேன். ஆகவே நான் இங்கே எழுதுவதில் பாதி ஒட்டுக்கேட்டது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், மனு, வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் என்று கம்ப்யூட்டரில் செய்யக்கூடிய எல்லா வேலையும் செய்வாள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவள் என்பதால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. தெருவில் எல்லோரும் அவளைச் சாது என்பார்கள். கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்து, மரியாதை கூடிவிடும். அப்போதுதான் எதிரே நிற்பவன் ஓட வேண்டும். யாருக்கும் அது தெரிவதில்லை.

அவளுடைய அப்பா சுருளியாண்டி. சின்னமனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஆண் பிள்ளை கிடையாது, இரண்டும் பெண். மூத்தவள் ஜோதிலட்சுமி, இளையவள் பவானி. பவானி நர்சிங் படித்துவிட்டு, கூட வேலை பார்த்த அருண் ஜோசப்பைக் கட்டிக்கொண்டு கெங்குவார்பட்டிக்குக் குடிபோய்விட்டாள். அருண் எங்கள் ஆள், கிறிஸ்தவர். அவர்கள் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தது என் வீட்டுக்காரர்தான். அந்த வாரமே பங்காளிகள் கூடி, இனி அந்தப் பெண்ணோடு யாருக்கும் பேச்சும் இல்லை, போக்குவரத்தும் இல்லை என்று முடிவு செய்தார்கள். கூட்டத்தில் முடிவை எடுத்துச் சொன்னவர் சுருளிராஜன். அக்காவின் சித்தப்பா மகன், அண்ணன் முறை. வாழைக்காய் வியாபாரி, அவர்களுடைய குலதெய்வமான ஓடைக்கரைக் கருப்பு கோயில் கமிட்டிக்குச் செயலாளர். யார் வீட்டுப் பெண் வேறு சாதியில் கட்டினாலும், அந்த வீட்டுக் கதவை அடைக்கச் சொல்லி முதலில் போய் நிற்கும் ஆள்.

அப்பாவுக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி மூத்த மகள் வீட்டுக்கு வந்துவிடுவார். கறிச்சோறு தின்ன வருகிறார் என்று ஊர் நினைத்தது. வந்ததும் அக்காவின் போனை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், பவானியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தை மாதம் அவர் இறந்துபோனார். பவானி கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காரில் வந்தாள். தெருமுனையிலேயே சுருளிராஜன் மறித்துக்கொண்டு நின்றார்.

"பெரியப்பா ஒன்னயத் தலமுழுகிட்டாரு. செத்தவளுக்கு எழவு வீட்ல என்ன சோலி?"

கார் திரும்பிப் போய்விட்டது. உள்ளே உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, பாடை தெருவைத் தாண்டிய பிறகுதான் விஷயமே தெரியும். மகன் இல்லாத வீடு என்பதால் கொள்ளி வைத்ததும் அதே சுருளிராஜன். அன்றிலிருந்து அவள் அவரை "அண்ணே, அண்ணே" என்று முன்னைக்காட்டிலும் பணிவாகக் கூப்பிட ஆரம்பித்தாள். இது எங்கே போய் முடியுமோ என்று நான் அப்போதே பயந்தேன்.

அடுத்த வருஷம் கமிட்டிக்காரர்கள் அவளிடமே வந்து நின்றார்கள். பங்காளிகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று சிதறிக் கிடக்கிறார்கள், சிவராத்திரி எந்தத் தேதி, யாருக்கு யார் என்ன முறை என்று போன் போட்டே தொலைக்கிறார்கள், ஆகவே கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும், வம்சப் பட்டியல் மொத்தமும் அதில் ஏற வேண்டும். அக்கா உடனே சரி என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்க தங்கச்சிய வாசல்ல நிறுத்தித் தொரத்துனவுகளுக்கு வேல செய்யிறீங்களாக்கா?"

"அப்பா பேருக்குக் கீழ ரெண்டு பேரு வரணும்ல பிரின்சி," என்றாள். "வேற யாரும் செஞ்சா ஒண்ணுதான் வரும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சுருளியாண்டி என்ற பெயருக்குக் கீழே பவானி என்ற பெயர்.

வெப்சைட் பில்டர் என்று ஒன்று இருக்கிறது. அவர்களே இடம் தருவார்கள், டிசைன் தருவார்கள். நாம் கல்யாண ஆல்பத்தில் போட்டோ ஒட்டுவது போலப் படத்தையும் எழுத்தையும் இழுத்துப் போட்டால் போதும், பக்கம் தயார். போனிலேயே செய்யலாம். அக்கா அதில்தான் செய்தாள், ஒரு வாரத்தில் முடிந்தது. கோயில் போட்டோக்கள் முந்நூறும் என் ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்தவை. கணக்கைத் திறக்கும்போது சுருளிராஜன், கமிட்டி சாமான் கமிட்டி பேரில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்தார். அக்காவும் போட்டாள். கணக்கு அவருடையது, உழைப்பு இவளுடையது.

முதல் மாதம் சுருளியாண்டியின் பக்கத்தில் இரண்டு மகள்கள் இருந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு மகள்தான் இருந்தாள். அக்கா மறுபடி பவானியைச் சேர்த்தாள், மறுநாளே காணோம். மூன்றாவது முறை சேர்க்கப் போனபோது பாஸ்வேர்டை ஏற்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் ஓடிபி சுருளிராஜன் போனுக்குப் போகிறது. அக்கா அவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கு வசதியாகப் போயிற்று.

"அண்ணே, பாஸ்வேர்டு மாத்திட்டீகளா?"

"ஆமாத்தா. இனி கமிட்டியே பாத்துக்கிரும்."

"பவானி பேரு மறுபடியும் இல்லையேண்ணே."

"எந்தப் பவானி?" என்றார் அவர்.

"சரிண்ணே, வச்சிரட்டுமா," என்று சொல்லி அக்கா போனை வைத்தாள். குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து நான்தான் யோசனை சொன்னேன். அதே பில்டரில் உங்கள் பேரில் இன்னொரு கணக்கைத் திறங்கள், ஒரு சாயந்தரத்தில் முடிந்துவிடும் என்றேன். அக்கா யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் பேப்பரில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள். போட்டோ, எழுத்து எதையும் அந்த பில்டரிலிருந்து அப்படியே வெளியே எடுக்க முடியவில்லை என்பதுதான் அவளை மிகவும் கடுப்பேற்றியது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

"அது வாடக வீடு பிரின்சி. நம்ம காசுல பெயிண்ட் அடிச்சுப் படத்த மாட்டலாம். வெளிய போகச் சொன்னா ஆணியக் கூடப் புடுங்கிட்டு வர முடியாது. நாளைக்கு ஒருத்தன் அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதுனா என் கணக்கையும் பூட்டுவான்."

"வேற என்ன செய்யிறது?"

அப்போதுதான் ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ற வார்த்தையை முதன்முதலாகக் கேட்டேன். தமிழில் சொல்லிக்கொடுப்பவர்கள் சரியாக அமையாமல், தொடுபுழாக்காரர் ஒருவரின் மலையாள வீடியோவில் அதைப் பிடித்திருந்தாள். அவள் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன். எல்லாப் பக்கங்களையும் வெறும் எழுத்தாக நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால் அந்த ஜெனரேட்டர் மொத்தத்தையும் பக்கங்களாகச் செய்து கொடுத்துவிடும். அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒருவன் துரத்தினால் அடுத்த அரைமணி நேரத்தில் வேறு இடத்தில் ஏற்றிவிடலாம். ஃபோல்டர் பென்டிரைவில் இருக்கும். அழிக்க வேண்டும் என்றால் அவள் வீட்டுக்கு வந்துதான் அழிக்க வேண்டும்.

கஷ்டமும் உண்டு. இழுத்துப் போடுவதெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டும். ஓர் இடைவெளி தவறினால் மொத்தமும் நின்றுவிடும். முதல் பதினைந்து நாள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெருமூச்சு மட்டுமே வந்துகொண்டிருந்தது. பார்க்கவும் லட்சணமாக இல்லை, பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அவளைத் தவிர வேறு ஒருவரும் அதில் கை வைக்க முடியாது. பில்டர் என்றால் துபாயில் இருக்கும் பையன் கூடத் தன் பிள்ளையின் பெயரைத் தானே சேர்த்துக்கொள்வான்.

"ஊருக்கு நல்லது பில்டர்தான்," என்று அவளே ஒப்புக்கொண்டாள். "கோவம் இல்லேன்னா அதத்தான் எடுப்பேன். எனக்குக் கோவம் இருக்கு."

இப்படி வெளிப்படையாகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தாள்.

அதில் அவள் செய்த ஒரு வேலை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பழைய தளத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே அப்பன் பெயர், கீழே பிள்ளைகள் பெயர். ஒரு வரியை அழித்தால் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அக்கா அதைத் தலைகீழாகப் போட்டாள். ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக ஒரு ஃபைல். பவானியின் ஃபைலில் 'அப்பா: சுருளியாண்டி' என்று ஒரு வரி இருக்கும். ஜெனரேட்டர் எல்லா ஃபைலையும் படித்து, சுருளியாண்டியை அப்பா என்று சொல்கிறவர்களை எல்லாம் அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அப்பன் பக்கத்தில் அழிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் இப்படி அடித்தாள்.

பிறகு ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்களைத் தேட ஆரம்பித்தாள். ஒருத்தியிடம் கேட்டால் இன்னொருத்தியின் நம்பர் கிடைக்கும். ஆண்டிபட்டியில் ஒருத்தி, கம்பத்தில் ஒருத்தி, கோயம்புத்தூரில் மூன்று பேர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு நெசவாளியைக் கட்டிக்கொண்டு போன அய்யம்மாள் என்பவர், தன் பெயரை ஊர்ப் பட்டியல் எதிலும் பார்த்து அத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லி அழுதது தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டது. எட்டு மாதத்தில் நாற்பத்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். யாரைக் கட்டினார்கள், பிள்ளைகள் பெயர் என்ன, எல்லாம் அவரவர் சம்மதத்தோடு ஏறின.

நாற்பத்து நான்காவதாக ஒரு பெண் தானாகவே கூப்பிட்டாள். கயல், சுருளிராஜனின் மகள்.

மகள் கனடாவில் படிக்கிறாள் என்று சுருளிராஜன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பெங்களூரில் இருந்தாள். கூட வேலை பார்க்கும் வேறு சாதிப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. மற்றவர் வீட்டுக் கதவை அடைக்கச் சொன்ன மனுஷன், தன் வீட்டுக் கதவை யாரும் பார்க்காமல் அடைத்துக்கொண்டார்.

"அத்த, எல்லாரையும் போடுறீங்களாம்ல. என்னையும் போடுங்க," என்று சொல்லிக் கல்யாண போட்டோவையும் அனுப்பியிருந்தாள். அக்கா ஃபைல் எழுதினாள். படத்தைச் சேர்த்தாள். பிறகு மேலே 'டிராஃப்ட்' என்று ஒரு வரி போட்டாள். அந்த வரி இருந்தால் ஜெனரேட்டர் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது. ஆள் ஃபோல்டரில் இருப்பாள், தளத்தில் இருக்க மாட்டாள். சுருளிராஜனின் பக்கத்தில் 'மகன்: முத்துக்குமரன்' என்று மட்டும் நின்றது.

அதற்காக நான் அவளோடு சண்டை போட்டேன், உண்மையாகவே. "அந்தப் பிள்ள ஒங்கள என்னக்கா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம்?"

"அவுக அப்பனுக்கு வலிக்கிற எடம் வேற எதுவும் எனக்குத் தெரியல பிரின்சி."

கயல் வாரம் ஒருமுறை மெசேஜ் அனுப்பி, ஏறிவிட்டதா என்று கேட்பாள். வேலை நடக்கிறது என்று அக்கா பதில் போடுவாள். அது பாவம்தான். அது பாவம் என்று அவளுக்கும் தெரியும்.

தளம் தயாராகிவிட்டது. ஆனால் அதை யார் வந்து பார்ப்பது? எல்லோருக்கும் தெரிந்தது கோயிலின் பழைய முகவரிதான். இங்கேதான் சுருளிராஜன் ஒரு தப்புச் செய்திருந்தார். பாஸ்வேர்டு கையில் இருந்தால் வெப்சைட்டே கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். வீடு வேறு, வீட்டு விலாசம் வேறு. பில்டர் கணக்கு அவர் பேரில் இருந்தது. கோயில் பேரில் எடுத்த அந்த முகவரி, டொமைன் என்பார்கள், அது அக்காவின் ஈமெயிலில் அக்காவின் பேரில் பதிவானது. அன்றைக்குக் கமிட்டிக்கு ஒரு ஈமெயில் கூடக் கிடையாது. துரத்திவிட்ட பிறகும் அவள் அதை ஒவ்வொரு வருஷமும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். நினைத்த நிமிஷம் அந்த முகவரியைத் தன் தளத்துக்குத் திருப்பிவிடலாம்.

"திருப்ப வேண்டியதுதானே?" என்றேன்.

"இப்பத் திருப்புனா வேற பேரு வாங்கிக்கிருவாக. இருக்கட்டும்."

எதற்காகக் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. சுருளிராஜன்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் முடிவாயிற்று. எங்கள் பக்கம் எந்தத் திருப்பணி நடந்தாலும் உபயதாரர்கள் பெயரை வெட்டிக் கல்வெட்டு வைக்காமல் விடமாட்டார்கள். மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன் பெயர் கூட இறக்கையில் இருக்கும். ஆள் உயரக் கறுப்புக் கிரானைட், நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அத்தனையும் ஆண்கள். இந்தக் காலத்தில் கல்லில் எழுத்து வெட்டுவது உளியால் இல்லை. எழுத்தை ஸ்டிக்கரில் வெட்டிக் கல்மேல் ஒட்டி, மணலை அடித்துக் குழியாக்குவார்கள். அந்த ஸ்டிக்கரை நுணுக்கமாக வெட்டும் மெஷின் அக்கா கடையில் இருந்தது. கிரானைட் கடைக்காரர் பத்து வருஷமாக அவளுக்கு வாடிக்கை. அவர் அந்தப் பட்டியலை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். சுருளிராஜனுக்கு இது தெரியாது.

பட்டியலின் கடைசியில், சுருளிராஜனின் கையெழுத்தில், கோயில் வெப்சைட்டின் முகவரியும் அதற்கு ஒரு க்யூஆர் கோடும் பெரிதாக வெட்ட வேண்டும் என்று இருந்தது. ஆயிரம் வருஷம் நிற்கப்போகும் கல்லில், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய முகவரி. அக்கா அதைப் படித்துவிட்டுத் தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்திலேயே அன்றைக்குத்தான்.

வாடிக்கையாளர் வேலையை அவள் ஒருமுறை சரிபார்த்தாலே பெரிய விஷயம். இதை மூன்று முறை பார்த்தாள். எழுத்து எழுத்தாக வாசித்தாள். க்யூஆர் கோட்டைத் தன் போனில், என் போனில், டீக்கடைக்காரரின் உடைந்த போனில் எல்லாம் ஸ்கேன் செய்து பார்த்தாள். கட்டங்கள் மணலடியில் சிதையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

வைகாசியில் கும்பாபிஷேகம். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, முகவரியைத் தன் தளத்துக்குத் திருப்பினாள். அவள் கோயிலுக்குப் போகவில்லை. நான் போனேன், போட்டோ எடுக்கக் கமிட்டி என்னைத்தான் பேசியிருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவே பிளைவுட்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கலசத்தில் தண்ணீர் ஊற்றி முடித்ததும் கூட்டம் கல்வெட்டுக்குத் திரும்பியது. தன் பெயர் எங்கே என்று தேடுவதும், பெயருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் ஒரே தள்ளுமுள்ளு. இளவட்டங்கள் போனை நீட்டி ஸ்கேன் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. கோயில் கூட்டம் அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. அவரவர் போனில் தலை குனிந்து நின்றார்கள்.

"எங்க அய்யம்மா அத்த பேரு இருக்குடா," என்றான் ஒருவன். ஒரு பெரியவர் தன் மகன் போனைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, அதில் யார் பெயரையோ பார்த்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுக்காமல் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். சுருளியாண்டியின் பக்கத்தைப் பலரும் திறந்தார்கள். ஜோதிலட்சுமி, பவானி. பவானிக்குக் கீழே அருண் ஜோசப், இரண்டு பேரப்பிள்ளைகள்.

சுருளிராஜனுக்கு விஷயம் எட்டியதும் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கட்டத்தைக் கொத்தி எடு என்று கிரானைட்காரரிடம் கத்தினார். பூசாரி குறுக்கே வந்தார். தண்ணீர் ஊற்றிய பிறகு கோயில் கல்லில் உளி படக்கூடாது, கல் பின்னமானால் குடும்பங்களுக்கு ஆகாது என்றார். அந்தச் சாஸ்திரத்தை மற்றவர்களுக்கு இத்தனை வருஷம் சொன்னவரே சுருளிராஜன்தான். கடைசியில் கட்டத்தின் மேல் ஒரு ரோஜா மாலையைத் தொங்கவிட்டார்கள். மாலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் அதைத் தூக்கிப் பார்த்தார்கள்.

சாயந்தரம் நான் கொண்டுபோன படங்களை அக்கா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுருளிராஜனின் முகம் தெரிந்த படத்தை இரண்டு முறை பார்த்தாள். "நல்லா எடுத்துருக்க," என்றாள். பவானிக்கு அதை அனுப்பவில்லை, தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வாரம் கமிட்டியில் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். முகவரி என் பேரில் இருக்குண்ணே என்று எல்லோருக்கும் ஒரே பதில். சுருளிராஜன் மட்டும் கூப்பிடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் வந்தார், தனியாக. நான் சத்தம் கேட்க வேண்டுமென்று என் ஃபேனை நிறுத்தினேன்.

"வாங்கண்ணே, ஒக்காருங்க."

ஸ்டூல் நகரும் சத்தம். "என் பக்கத்தப் பாத்தேன்," என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"மகன் பேரு மட்டும் இருக்கு."

"ஒங்களுக்கு ஒரே பையன்தானண்ணே."

"ஓடிப்போன கழுதைகள எல்லாம் தேடித் தேடி ஏத்தியிருக்க. கயல மட்டும் விட்டுட்ட."

"எந்தக் கயலு?" என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்காமல் எழுந்து போய், ஏதோ பேப்பர் கேட்க வந்தவள் போல அவள் கடை வாசலில் நின்றேன். என்னை இருவரும் கண்டுகொள்ளவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கோயில்ல அவ ஆத்தா அந்தக் கல்லு முன்னால போன வச்சுக்கிட்டுத் தேடியிருக்கா. ஊருல உள்ளவ பேரெல்லாம் இருக்கு, எம்புள்ள பேரு இல்லையேன்னு வீட்டுக்கு வந்து படுத்தவதான். நாலு நாளு சோறு எறங்கல. என்கிட்டப் பேசவும் இல்ல."

அக்கா கயலின் ஃபைலைத் திறந்து, மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். கயலும் அவள் புருஷனும் மாலையோடு நிற்கும் படம். மருமகன் முகத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எழுதித்தான் வச்சிருக்க. ஏன் போடல?"

"ஒங்களுக்காகத்தாண்ணே வச்சிருக்கேன்." அவள் விசைப்பலகையை இழுத்து, கயலின் பெயருக்குக் கீழே ஒரு வரி அடித்தாள். அடித்ததை வாசித்தும் காட்டினாள். 'தந்தை சுருளிராஜன் நேரில் வந்து கேட்டுக்கொண்டதன்பேரில் சேர்க்கப்பட்டது.'

"அந்த வரி வேணாம்."

"அது இல்லாம போடமாட்டேன்."

"பங்காளிக படிச்சா நான் கமிட்டில இருக்க முடியாது. எவன் எவன் வீட்டுக் கதவ அடைக்கச் சொன்னனோ அவனெல்லாம் வந்து என் வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டும்ணே."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பவானி நம்பரக் குடு. நான் பேசுறேன்."

"குடுக்க மாட்டேன். அவகிட்டப் பேச வேண்டிய நாளு போயிருச்சு."

அக்கா மனதில் போட்டிருந்த கணக்கு எனக்குத் தெரியும், அவர் எப்படியும் வருவார் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். இந்த வரியைப் போட அவர் சம்மதிக்க மாட்டார். செயலாளர் பதவியா, மகளா என்றால் பதவியைத்தான் எடுப்பார். பதவிக்காக மகள் பேரை விட்டுவிட்டு வந்தார் என்பது கயலின் அம்மாவுக்குத் தெரியவரும், கயலுக்கும் தெரியவரும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரோடு யாரும் பேசமாட்டார்கள். அவர் சாகும்போது கயல் வரமாட்டாள். இதற்காகத்தான் அந்த எட்டு மாதமும், அந்தக் கறுப்புத் திரையும், கயலிடம் சொன்ன பொய்யும்.

ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ஒரு அம்மாள் வந்தார். அப்புறம் வாங்க என்று நானே அனுப்பிவிட்டேன். சுருளிராஜன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு," என்றார்.

அக்கா அசையவில்லை. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

"அந்த வரியோடவா?"

"அந்த வரியோடதான். போடு."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. எல்லாம் அவள் கேட்டபடியே நடந்திருந்தது. இருந்தும், கையில் இருந்ததைத் தட்டிப் பறித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். இனி அவரைத் தண்டிக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

"நீங்க மாட்டேன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன்," என்றாள், தாழ்ந்த குரலில்.

"நானுந்தான் நெனச்சேன்," என்றார் அவர்.

அக்கா டிராஃப்ட் வரியை அழித்துவிட்டுக் கட்டளையை அடித்தாள். பக்கம் ஏறி வர ஒரு நிமிஷம் ஆகும். அதுவரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.